சாலட் டிரெஸ்ஸிங்கில் கோதுமைக்கு என்ன வேலை?

சீலியாக் நோய் உறுதியானதும் மருத்துவமனையில் ஓர் உணவுப் பட்டியல் தருவார்கள். குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை, பார்லி, ரை மூன்றும் வாழ்நாள் முழுக்கக் கூடாது. அரிசி, சோளம், பருப்பு, பால், முட்டை, காய், கனி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் சாலட்டைவிடப் பத்திரமான உணவு வேறில்லை. லெட்டூஸிலோ வெள்ளரியிலோ தக்காளியிலோ குளூட்டன் கிடையாது. ஆனால் வெறும் காயை யாரும் சாலட் என்று விற்பதில்லை. மேலே ஊற்றும் டிரெஸ்ஸிங்கோடு சேர்ந்துதான் அது சாலட் ஆகிறது. அந்த டிரெஸ்ஸிங் பத்திரமானதா என்று கேட்டால் அமெரிக்காவில் ஒரு பதிலும் பிரிட்டனில் வேறு பதிலும் வருகின்றன. ஒரே பெயரில் விற்கும் இரண்டு புட்டிகளுக்குக்கூடப் பதில் மாறுகிறது.

வீட்டில் செய்யும் எளிய டிரெஸ்ஸிங்கில் சிக்கலே இல்லை. மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய், ஒரு பங்கு ஒயின் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு: பிரெஞ்சுக்காரர்களின் வினகிரெட் இவ்வளவுதான். இதில் தானியம் எதுவும் நுழையவில்லை. சிக்கல் தொடங்குவது தொழிற்சாலையில். எண்ணெயும் வினிகரும் குலுக்கிய சில நிமிடங்களில் பிரிந்துவிடும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய சரக்கு அப்படிப் பிரியக் கூடாது. ஊற்றினால் இலையில் ஒட்ட வேண்டும். எண்ணெயைக் குறைத்தாலும் கெட்டித்தன்மை குறையக் கூடாது. சுவை நாக்கில் நிற்க வேண்டும். விலையும் ஏறக் கூடாது. இந்த ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் தேவைப்படுகிறது. கோதுமையும் பார்லியும் குறைந்த கூலிக்கு வரும் ஆட்கள். எனவே டிரெஸ்ஸிங்கின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. எந்தப் பொருள் எந்த வேலைக்காக உள்ளே வந்தது என்று பார்த்தால்தான் விடை தெரியும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது, ரொட்டி கிடைக்காத காலத்தில் நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியதையும் அவர் கவனித்தார். 1950இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் அதைப் பதிவு செய்தார்.

இன்று உள்விவரம் தெரியும். கோதுமையின் கிளையடின், பார்லியின் ஹார்டீன், ரையின் செகாலின் ஆகிய புரதங்களை நம் செரிமான நொதிகளால் முழுதாக உடைக்க முடிவதில்லை. எஞ்சும் துண்டுகள் சிறுகுடல் சுவருக்குள் சென்று, எச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 மரபணு உள்ளவர்களில் சிலருக்கு உடலின் காப்பு அமைப்பை உசுப்பிவிடுகின்றன. உசுப்பப்பட்ட அமைப்பு தன் குடலுறிஞ்சிகளையே தாக்கித் தேய்த்துவிடுகிறது. இரும்பு, கால்சியம், ஊட்டச்சத்துகள் எதுவும் உடலில் சேராமல் போகின்றன. இதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டனை விலக்குவது ஒன்றே மருந்து.

எவ்வளவு சிறிய அளவை விலக்க வேண்டும் என்பதுதான் டிரெஸ்ஸிங் கேள்வியின் மையம். யாரும் டிரெஸ்ஸிங்கைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பதில்லை. இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 30 கிராம், அவ்வளவே. 2007இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில், நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்கு மூன்று மாதம் தினமும் அளந்த குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் பெற்றவர்களின் குடலுறிஞ்சிகள் தேயத் தொடங்கின. 10 மில்லிகிராம் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஆகவில்லை. ஒருவருக்கு மட்டும் நோய்க்குறிகள் திரும்பின. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் குளூட்டன் கிராம் கணக்கில் இருக்கிறது. அதன் சில நூறில் ஒரு பங்கே இங்கே பேச்சு.

இத்தகைய ஆய்வுகளின் பின்னணியில்தான் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் என்ற வரம்பு உலகின் பெரும்பகுதியில் ஏற்கப்பட்டது. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2008இல் தன் தரத்தைத் திருத்தி இந்த அளவை வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, இந்தியா எல்லாம் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட இதே அளவைக் கேட்கின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் கடுமை; அங்கே சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது.

20 மில்லிகிராம் வரம்பைத் தொட்டு நிற்கும் டிரெஸ்ஸிங்கை 30 கிராம் ஊற்றினால் உள்ளே போவது 0.6 மில்லிகிராம். இது கவலைக்குரிய அளவல்ல. அதே டிரெஸ்ஸிங்கைக் கெட்டியாக்க நூற்றுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு சேர்த்திருந்தால் கணக்கு தலைகீழாகிறது. 30 கிராமில் 300 மில்லிகிராம் மாவு. மாவில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு குளூட்டன் என்றால் 30 மில்லிகிராம். ஒரு வேளை சாலட்டிலேயே பத்து மில்லிகிராம் எல்லை மும்மடங்கு தாண்டிவிடுகிறது. கொஞ்சம்தானே என்ற வாதம் இங்கே எடுபடாது.

கெட்டிப்படுத்தும் வேலை

அமெரிக்க உணவுச் சட்டம் மயோனைஸையும் ‘சாலட் டிரெஸ்ஸிங்’ என்ற சரக்கையும் தனித்தனியாக வரையறுக்கிறது. மயோனைஸில் எடைக்கு 65 விழுக்காடாவது தாவர எண்ணெய் இருக்க வேண்டும். எண்ணெயை வினிகரோடு பிணைத்து வைப்பது முட்டையின் மஞ்சள் கரு. மாவுக்கு அங்கே இடமில்லை. சாலட் டிரெஸ்ஸிங்குக்கு எண்ணெய் 30 விழுக்காடு போதும். குறைந்த எண்ணெயின் இடத்தை வேகவைத்த மாவுக்கூழ் நிரப்புகிறது. அந்தக் கூழுக்கு அனுமதிக்கப்பட்ட பொருள்களின் வரிசையில் மாவுச்சத்து, மரவள்ளி மாவு ஆகியவற்றோடு கோதுமை மாவும் ரை மாவும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. ஆக, டிரெஸ்ஸிங்கில் கோதுமை இருப்பது கலப்படமல்ல. சட்டமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

இந்த வகை பிறந்த காலம் காரணத்தைச் சொல்லும். 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கர்களுக்கு மயோனைஸ் விலை எட்டவில்லை. அப்போது கிராஃப்ட் நிறுவனம் மயோனைஸைவிட மலிவான மிராக்கிள் விப் என்ற டிரெஸ்ஸிங்கை 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. எண்ணெயைவிட மாவு மலிவு என்ற கணக்கு அன்று பலித்தது. பிறகு கொழுப்பைக் குறைக்கும் மோகம் வந்தபோது அதே கணக்கு வேறு பெயரில் திரும்பியது. கொழுப்பு குறைந்த டிரெஸ்ஸிங் எதை வாங்கினாலும், எடுத்த எண்ணெய்க்குப் பதிலாக என்ன வைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

நடைமுறையில் இன்று அதிகம் சேர்க்கப்படுவது மாவல்ல, மாற்றியமைத்த மாவுச்சத்து. அமெரிக்காவில் பெரும்பாலும் அது மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. கோதுமையிலிருந்து எடுத்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே 2006 முதல் நடைமுறையில் உள்ள விதி. அதனால் அமெரிக்கப் புட்டியில் மாவுச்சத்து என்ற சொல்லைக் கண்டு பதற வேண்டியதில்லை. கோதுமை என்ற சொல் கூட வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொரு கெட்டிப்படுத்தி சாந்தன் கோந்து. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் அல்லீன் ஜீன்ஸும் அவர் குழுவினரும் ஒரு பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்துப் பெற்றது இது. 1969இல் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. சிட்டிகை அளவே எண்ணெயையும் வினிகரையும் பிரியவிடாமல் நிறுத்திவைக்கும். பெயர் அந்நியமாக இருப்பதால் சீலியாக் உள்ள பலர் இதைக் கண்டு ஒதுங்குகிறார்கள். உண்மையில், கோதுமை இல்லாத மாவில் ரொட்டி சுடும்போது குளூட்டனின் பிசைவுத்தன்மைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் பொருளே இதுதான். டிரெஸ்ஸிங்கில் இந்தக் கோந்து இருப்பது பெரும்பாலும் நல்ல சகுனம். மாவு செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் இந்த வேலைமாற்றத்தைக் காணலாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு மாநில அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. காரணம் கிருமித்தொற்று, குளூட்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் முட்டை வெளியேறினால் எண்ணெயைப் பிணைக்க வேறு ஏதாவது வேண்டும். முட்டையில்லா மயோனைஸில் பால் புரதமோ சோயாவோ மாவுச்சத்தோ கோந்தோ அந்த இடத்துக்கு வருகின்றன. இந்திய லேபிள்களில் இவை பல சமயம் வெறும் எண்களாக நிற்கும்: சாந்தன் கோந்துக்கு 415, மாற்றியமைத்த மாவுச்சத்துகளுக்கு 1400களில் ஓர் எண். எண்ணை வைத்து எந்தத் தானியத்து மாவுச்சத்து என்று சொல்ல முடியாது. அதற்கு ஒவ்வாமைப் பொருள்களைக் குறிக்கும் தனி வரியைத்தான் பார்க்க வேண்டும்.

புளிப்புக்கு வரும் வினிகர்

வினிகர் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ஆனால் ஒரு வகைக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஒயின் வினிகரும் மொடெனாவின் பால்சமிக் வினிகரும் திராட்சையிலிருந்து வருபவை. ஆப்பிள் சிடர் வினிகர் ஆப்பிளிலிருந்து. அரிசி வினிகர் பெயர் சொல்வதுபோலவே. இந்தியக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பல, அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்த செயற்கை வினிகர்கள். தானியமே அவற்றைத் தொடவில்லை. மேலைநாட்டுக் காய்ச்சி வடித்த வினிகர் தானியச் சாராயத்திலிருந்து வந்தாலும் பிரச்சினையில்லை. வடிக்கும்போது ஆவியாகிப் போவது ஆல்கஹால். கனமான புரதம் அண்டாவிலேயே தங்கிவிடும்.

மால்ட் வினிகர் வேறு கதை. முளைகட்டிய பார்லியைப் புளிக்க வைத்து அப்படியே எடுப்பது அது; வடிப்பதில்லை. பார்லிப் புரதத்தின் துண்டுகள் அதில் தங்கும். இங்கேதான் நாடுகள் பிரிகின்றன. பிரிட்டனின் சீலியாக் நோயாளர் அமைப்பான சீலியாக் யூ.கே., மால்ட் வினிகரில் உள்ள பார்லிப் புரதம் மிகக் குறைவு, பெரும்பாலோர் சாப்பிடலாம் என்கிறது. அமெரிக்க விதிப்படியோ, குளூட்டன் நீக்கப்படாத பார்லிப் பொருள் சேர்ந்த எதற்கும் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற அடையாளம் கிடையாது. மால்ட் வினிகர் அந்த வகையில் அடங்குகிறது. இரு தரப்பும் ஒரே பொருளைத்தான் பார்க்கின்றன. பிரிட்டன் இறுதிச் சரக்கில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்கிறது. அமெரிக்கா எதிலிருந்து செய்தார்கள் என்று கேட்கிறது. பிரிட்டிஷ் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் மீன்பொரியலில் நாலு சொட்டுத் தெளிப்பதும், டிரெஸ்ஸிங்கில் கால்பங்கு ஊற்றித் தினமும் சாப்பிடுவதும் ஒன்றல்ல. எப்போதும் சாலட் சாப்பிடுகிறவர் ஒயின் வினிகருக்கு மாறிக்கொள்வது சுலபம், சுவையிலும் நஷ்டமில்லை.

சுவை கூட்டும் சாஸ்கள்

டிரெஸ்ஸிங்கில் கோதுமை மிகுதியாகவும் மறைவாகவும் நுழைவது இந்த வழியில்தான். ஜப்பானிய முறையில் செய்யும் சோயா சாஸில் சோயாவும் கோதுமையும் ஏறக்குறைய சம பங்கு. பெயரில் சோயா மட்டும் இருப்பதால் கோதுமை பலருக்குத் தெரிவதில்லை. எள், இஞ்சி, தெரியாக்கி என்று ஆசியப் பெயர் தாங்கிய டிரெஸ்ஸிங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் இந்த சாஸ்தான். தமாரி என்ற வகையில் கோதுமை மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட தமாரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். மிசோ சேர்த்த டிரெஸ்ஸிங்கிலும் கேட்க வேண்டும், பார்லியில் செய்யும் மிசோவும் உண்டு.

சீசர் சாலட் ஒரு நல்ல பாடம். 1924இல் மெக்சிகோவின் திஹுவானா நகரில் உணவகம் நடத்திய இத்தாலியர் சீசர் கார்தினியின் பெயரில் வழங்கும் இந்தச் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் முட்டை, எண்ணெய், எலுமிச்சை, பார்மிசான் சீஸ், வூஸ்டர்ஷயர் சாஸ் சேரும். மேலே வறுத்த ரொட்டித் துண்டுகள் விழும். ரொட்டி கண்ணுக்குத் தெரிகிறது, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வூஸ்டர்ஷயர் சாஸ் தெரிவதில்லை. லீ அண்ட் பெரின்ஸ் என்ற புகழ்பெற்ற வூஸ்டர்ஷயர் சாஸை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் விற்பது வடித்த வினிகரில் செய்தது. பிரிட்டனில் விற்பது பார்லி மால்ட் வினிகரில் செய்தது. லேபிளின் தோற்றம் ஒன்று, உள்ளே இருக்கும் புளிப்பு வேறு. லண்டனில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போகிறவர், நியூ ஜெர்சியில் தான் வழக்கமாக வாங்கும் புட்டிதானே என்று எடுத்து ஊற்றக் கூடாது.

கடுகு விழுதும் அப்படியே. பிரெஞ்சு திஜோன் கடுகில் பொதுவாக மாவு இராது. ஆங்கிலக் கடுகு விழுதுகளில் கோதுமை மாவு சேர்ப்பது பழைய வழக்கம். தேன்-கடுகு டிரெஸ்ஸிங் வாங்கும்போது கடுகு எந்த ஊர்ப் பழக்கத்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஈஸ்ட் சாறு இன்னொரு மறைவிடம். பீர் வடித்த மிச்சத்திலிருந்து எடுத்தால் அதில் பார்லி ஒட்டியிருக்கலாம்.

வீணாகப் பயப்படும் பொருள்கள்

ஒதுக்க வேண்டியதை ஒதுக்குவது எவ்வளவு அவசியமோ, ஒதுக்க வேண்டாததைத் தட்டில் வைத்திருப்பதும் அவ்வளவு அவசியம். வாழ்நாள் முழுக்கப் பத்தியம் இருப்பவருக்கு ஒவ்வொரு வீண் தடையும் பாரம்.

நீலச்சீஸ் டிரெஸ்ஸிங் பற்றி நெடுநாள் அச்சம் உண்டு. ரோக்ஃபோர் போன்ற சீஸில் நீலநரம்பு ஓடச் செய்யும் பூஞ்சையை மரபாக ரை ரொட்டியில் வளர்த்தார்கள் என்பதே காரணம். சீஸை எடுத்துச் சோதித்தபோது குளூட்டன் கண்டறியும் அளவில் இல்லை. சீலியாக் அமைப்புகள் இதை அனுமதிக்கின்றன. பெயரில் மால்ட் ஒலித்தாலும் மால்டோடெக்ஸ்ட்ரினுக்கும் பார்லி மால்ட்டுக்கும் உறவில்லை. அது மாவுச்சத்தை உடைத்துச் செய்த தூள். கோதுமையிலிருந்து செய்த மால்டோடெக்ஸ்ட்ரினையும் குளுக்கோஸ் பாகையும் ஐரோப்பிய ஒன்றியம் ஆராய்ந்து, புரதம் எஞ்சுவது மிகச் சொற்பம் என்று ஒவ்வாமை அறிவிப்பிலிருந்தே விலக்கு அளித்திருக்கிறது. கேரமல் நிறமியும் பெரும்பாலும் சர்க்கரை அல்லது சோளப்பாகைக் கருக்கிச் செய்வதுதான்.

லேபிளைப் படிக்கும் விதம்

மேலே சொன்ன எல்லாப் பொருள்களையும் மனப்பாடம் செய்ய முடியாது. அந்தச் சுமையைக் குறைக்கத்தான் லேபிள் சட்டங்கள். ஆனால் எந்த நாட்டுச் சட்டத்தில் எங்கே ஓட்டை என்று தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் கோதுமை உண்டு. பார்லியும் ரையும் இல்லை. எனவே ‘கோதுமை உள்ளது’ என்ற வரி இல்லாத புட்டி குளூட்டன் இல்லாதது என்று ஆகாது. மால்ட், பார்லி, ஈஸ்ட் சாறு, இயற்கைச் சுவையூட்டி ஆகிய சொற்களைத் தனியே தேட வேண்டும். ‘கோதுமையற்றது’ என்ற விளம்பரமும் இதே காரணத்தால் போதாது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தால் நம்பலாம். 2013இல் வகுத்து 2014 ஆகஸ்ட் முதல் கட்டாயமான விதி அதற்குப் பின்னால் நிற்கிறது. அந்தச் சொல்லை அச்சிடுவது நிறுவனத்தின் விருப்பம், அச்சிட்டால் 20 மில்லிகிராம் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் குளூட்டன் உள்ள எல்லாத் தானியங்களையும் பெயர் சொல்லித் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ எடுப்பாகக் காட்ட வேண்டும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளும் கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றை அறிவிக்கச் சொல்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் இந்திய லேபிள் அமெரிக்க லேபிளைவிட அதிகம் சொல்ல வேண்டியது.

சோதனைக்கூடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குளூட்டனை அளக்கப் பெரிதும் பயன்படும் ஆர்5 எலைசா சோதனையின் வழக்கமான வடிவம், புரதத் துண்டை இரண்டு இடத்தில் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை நம்பியிருக்கிறது. சோயா சாஸ், மால்ட் வினிகர் போன்ற புளிக்க வைத்த பொருள்களில் புரதம் சிறு சிறு துண்டுகளாகச் சிதைந்திருக்கும். பற்ற ஓர் இடம் மட்டுமே உள்ள துண்டு சோதனையில் சிக்காது. குடலை உசுப்ப அது போதுமானதாக இருக்கலாம். அதனால்தான் சாதாரண சோயா சாஸ் சோதனையில் 20 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினாலும் நிபுணர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் கொண்டுவந்த விதி இந்தச் சிக்கலுக்கு நேரான வழி கண்டது. புளிக்க வைத்த பொருளுக்கு, புளிக்கும் முன்பே மூலப்பொருள்கள் வரம்புக்குள் இருந்தன என்று நிறுவனம் ஆவணம் காட்ட வேண்டும். வடித்த வினிகருக்கு, அதில் புரதமே இல்லை என்று காட்டினால் போதும்.

உணவகத்து மேசையில்

உணவகத்தில் லேபிள் கிடையாது. அமெரிக்காவில் சீலியாக் நோயாளிகள் கையடக்கக் கருவியால், குளூட்டன் இல்லாதவை என்று உணவகங்கள் பரிமாறிய உணவுகளைச் சோதித்துப் பதிவுசெய்த முடிவுகள் 2019இல் ஆய்வாக வெளிவந்தன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் குளூட்டன் தெரிந்தது. அந்தக் கருவி 20 மில்லிகிராமுக்கும் கீழான அளவையும் காட்டக்கூடியது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பாஸ்தாவும் பீட்சாவும் மோசம், பாதிக்கு மேல்.

சாலட்டில் ஆபத்து வேறு வழியில் வரும். ரொட்டித் துண்டுகளைக் கிள்ளியெடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். சாலட் வரிசையில் ஒரே கரண்டி எல்லாக் கிண்ணத்திலும் புரளும். பெரிய டப்பாவிலிருந்து ஊற்றும் டிரெஸ்ஸிங்கில் என்ன இருக்கிறது என்று பரிமாறுபவருக்குத் தெரியாது. டிரெஸ்ஸிங் இல்லாமல் சாலட்டும், தனியே எண்ணெயும் எலுமிச்சைத் துண்டும் கேட்பது பெரும்பாலான உணவகங்களில் சிரமமில்லாத வழி.

கோசுமல்லியும் பெருங்காயமும்

தமிழ் வீடுகளுக்கு இந்தக் கேள்வி அந்நியம் என்று தோன்றலாம். 2016இல் வெளியான, இந்தியாவின் மூன்று பகுதிகளில் எடுத்த ஆய்வு வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினருக்கும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினருக்கும், தெற்கில் 0.10 விழுக்காட்டினருக்கும் சீலியாக் நோய் இருப்பதாகக் கண்டது. மரபணுக் கூறு மூன்று பகுதிகளிலும் பெரிதாக வேறுபடவில்லை. தினசரிக் கோதுமை நுகர்வோ வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். தெற்கைக் காப்பது இரத்தமல்ல, அரிசி. பரோட்டாவும் சப்பாத்தியும் பிரெட்டும் தட்டில் கூடக் கூட இந்தக் காப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பது திறந்த கேள்வி.

நோய் உள்ள தமிழர் என்ன செய்வார்? இட்லி, சாம்பார், ரசம், கோசுமல்லி என்று நிம்மதியாகச் சாப்பிடுவார். கோசுமல்லி நம் சாலட்தான்: ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய், டிரெஸ்ஸிங்காக எலுமிச்சைச் சாறும் கடுகுத் தாளிப்பும். அந்தத் தாளிப்பில் விழும் பெருங்காயத்தில் இருக்கிறது கோதுமை.

பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் போன்ற வறண்ட நாடுகளில் விளையும் ஒரு செடியின் வேர்ப்பால். இந்தியா நெடுங்காலமாக அதை இறக்குமதி செய்தே வந்திருக்கிறது. இமாசலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் பயிரிடும் முயற்சி 2020இல்தான் தொடங்கியது. தூய பிசின் தாங்க முடியாத வீச்சம் கொண்டது. அதனால் கருவேலங் கோந்தும் மாவும் சேர்த்துத் தணித்து, கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல நிறுவனங்களில் மைதா. சிலவற்றில் அரிசி மாவு. கட்டியானாலும் தூளானாலும் இதே நிலை.

சிட்டிகைதானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாலு பேர் சாப்பிடும் 400 கிராம் கோசுமல்லிக்குக் கால் கிராம் தூள் போடுவதாகவும், அதில் பாதி மைதா என்றும் வைத்துக்கொள்வோம். 125 மில்லிகிராம் மைதாவில் குளூட்டன் சுமார் 12 மில்லிகிராம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்றாகி, 20 என்ற வரம்பை அந்தக் கோசுமல்லி தாண்டிவிடுகிறது. ஒருவர் பங்கு 3 மில்லிகிராம். அதே நாளில் சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் இட்லிப்பொடியிலும் அதே தூள் விழுந்தால் பத்து மில்லிகிராம் எல்லை கையெட்டும் தூரத்தில் நிற்கும், அல்லது பின்னே போயிருக்கும். மாவின் பங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் கோதுமையே இல்லாத வீட்டில் நோய் தணியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். அரிசி மாவில் செய்த பெருங்காயம் கடைகளில் கிடைக்கிறது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு டப்பா.

எல்லா உபாதைக்கும் குளூட்டன் காரணமல்ல

டிரெஸ்ஸிங் சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, எனவே எனக்குக் குளூட்டன் ஆகாது என்று தாமே முடிவு செய்பவர்கள் உண்டு. 2018இல் நார்வேயில், சீலியாக் இல்லாமல் குளூட்டன் ஆகாது என்று சொன்ன 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் குளூட்டன், ஃபிரக்டான், இரண்டும் இல்லாதது என மூவகைத் தின்பண்டம் கொடுத்தார்கள். அதிக உபாதை தந்தது ஃபிரக்டான். அந்த மாவுப்பொருள் கோதுமையில் மட்டுமல்ல, வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய இருக்கிறது. புட்டி டிரெஸ்ஸிங்கில் வெங்காயத் தூளோ பூண்டுத் தூளோ இல்லாதது அரிது. ஆகவே குளூட்டனைக் கைவிடும் முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. நிறுத்திய பிறகு செய்தால் எதிர்ப்பொருள் அளவு இறங்கி, நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும்.

முடிவாக

சாலட் டிரெஸ்ஸிங் பத்திரமா என்றால், எண்ணெயும் எலுமிச்சையும் ஒயின் வினிகரும் முட்டையும் கோந்தும் செய்யும் வேலை வரை பத்திரம். மாவும் சோயா சாஸும் மால்ட்டும் அந்த வேலையை ஏற்கும்போது ஆபத்து. வீட்டில் கலப்பதில் அச்சமில்லை. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட புட்டியை நம்பலாம். அந்த அச்சு இல்லாவிட்டால் இந்தியாவில் ஒவ்வாமை வரியையும், ஐரோப்பாவில் எடுப்பாகக் காட்டிய தானியப் பெயர்களையும், அமெரிக்காவில் மூலப்பொருள் பட்டியலை முழுதாகவும் படிக்க வேண்டும். ஆசியப் பெயருள்ளவை, கொழுப்பு குறைந்தவை, சீசர், ஆங்கிலக் கடுகு சேர்ந்தவை ஆகியவற்றை இருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாரத்தையும் நோயாளியின் தலையில் ஏற்றுவது நியாயமா என்பது தனிக் கேள்வி. பார்லியையும் ரையையும் அறிவிக்கச் சொல்ல அமெரிக்கச் சட்டத்துக்கு ஒரு வரி போதும். கூட்டுப் பெருங்காய டப்பாவின் முகப்பில் ‘கோதுமை சேர்ந்தது’ என்று பெரிய எழுத்தில் போட இந்திய நிறுவனங்களுக்குச் செலவே இல்லை. இந்த நோய்க்குக் கொடுக்கக்கூடிய ஒரே மருந்து உணவு என்றால், அந்த மருந்தின் சேர்மானத்தைத் தெளிவாகச் சொல்வது விற்பவரின் கடமை.